திருச்சி ரோட்டின் மண் ஓரம்

எண்பதுகளில் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மில் சங்குதான் கடிகாரம். காலைச் சங்கு ஊதியதும் ஆத்தா எங்களை வாசலுக்கு விரட்டுவார். தூக்குப்போசியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, "ஓரமாப் போங்க கண்ணு, தார் ரோட்டுல ஏறிடாதீங்க" என்பார். அப்படிச் சொல்லி அனுப்ப அன்றைக்கு ஓர் ஓரம் இருந்தது.

திருச்சி ரோட்டில் நடுவில் மட்டும்தான் தார். இரண்டு பக்கமும் மண். தாருக்கும் எங்கள் நடைத்தடத்துக்கும் இடையில் வரிசையாகப் புளியமரங்கள், நடுநடுவே வேம்பு. நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, புளி ஏலத்துக்காக எண் எழுதி வைத்திருப்பார்கள். மாசி, பங்குனியில் பழம் உதிரும். ஓட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, கொட்டையை யார் தூரத் துப்புகிறோம் என்று போட்டி போட்டபடியே பள்ளிக்கூடம் வந்துவிடும். லாரி எந்த வேகத்தில் வந்தாலும் அதற்கும் எனக்கும் நடுவில் கைக்கு அடங்காத ஓர் அடிமரம் நின்றது. எங்களை நினைத்து யாரும் அந்த மரங்களை நடவில்லைதான். ஆனாலும் நடப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று சாலைப் பொறியாளர்கள் இன்று சொல்லும் தடுப்பு, அன்று எங்களுக்கு நிழலும் தந்து பழமும் தந்தது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் கேட்டைத் திறந்தால் சைக்கிள்களாகக் கொட்டும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி, கேரியரில் காலி டிபன் பாக்ஸ், தூக்கம் சொக்கும் கண்கள். ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு பேசியபடியே போவார்கள். பின்னால் வரும் பஸ் நாலு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் வேகத்துக்கே ஊர்ந்து வரும். அண்ணனின் சைக்கிளில் குரங்கு பெடல் பழகி, பிறகு எனக்கென்று ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வந்தபோது, நான் முதன்முதலாகத் தாரில் ஏறியது அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி, "பாப்பா, நீ உள்ளார வா" என்று என்னை மண் பக்கமாக ஒதுக்கிவிட்டு, லாரி வரும் பக்கத்தில் தன் சைக்கிளை ஓட்டிவந்தார். ரோட்டில் சைக்கிள்கள் பெருகினால் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைகிறது என்று பின்னாளில் ஆய்வுகள் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தப் பஞ்சுத் தூசிப் புருவம்தான் கண்ணில் தெரிந்தது.

பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். ரோட்டைக் கடக்க வைத்தவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாட்ச்மேன் தாத்தா. மூங்கில் குச்சி, நுனியில் சிவப்புத் துணி. பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் சேரும்வரை யாரையும் விடமாட்டார். "ரோடு எங்கயும் ஓடிறாது, நில்லுங்க சாமி" என்பார். பிறகு தானே முதலில் இறங்கி, நடு ரோட்டில் நின்று, குச்சியைக் குறுக்கே நீட்டுவார். எந்த பஸ்ஸும் நிற்கும். அவருக்கு யாரும் சம்பளம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் என் வகுப்புப் பெண்ணை ஒரு வேன் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. தொடை எலும்பு முறிவு. அவள் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை; அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்பவும் இல்லை. அத்தனை பிள்ளைகளின் உயிரும் ஒரு வயோதிகரின் உடம்பை நம்பி இருந்திருக்கிறது. அவருடைய நல்ல மனசை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். அதற்காக, நல்ல மனசு செய்த வேலையை நிலையான ஏற்பாடாக அரசு செய்யாமல் விட்டதை ஏற்க முடியாது.

நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன வருடங்களில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சங்கு நின்றது, சைக்கிள் கூட்டமும் கலைந்தது. ரோட்டை அகலப்படுத்தினார்கள். புளியமரங்கள் போயின, மண் ஓரத்தின் மேல் தார் ஏறியது. அதே ரோட்டில் ராமநாதபுரத்தையும் சுங்கத்தையும் இணைக்கும் மேம்பாலம் 2022இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் ஓரம் எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வண்டிகள் பெருகியதால் அது தானாக அழிந்துவிட்டது என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். அகலப்படுத்திய ஒவ்வொரு முறையும், எடுத்த இடத்தில் ஒரு பங்கைக்கூட நடப்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

தமிழக அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அருமையான திட்டம், பெண்ணுக்குச் சைக்கிள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை வாழ்ந்து பார்த்தவள் நான். ஆனால் அந்தச் சைக்கிளை எங்கே ஓட்டுவது? 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது; 30இல் வந்தால் எட்டு மீட்டர் சொச்சம். ஒரு பிள்ளை தடுமாறி விழுந்து, ஓட்டுநர் அதைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் போய்விடும் தூரம் இது. பள்ளிக்கூடத்து முன்னால் வேகம் 30ஐத் தாண்டக் கூடாது. போர்டு வைத்தால் மட்டும் வேகம் குறையாது. கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக எழுப்பினால் எந்த வண்டியும் தானாக மெதுவாகும். அதற்குக் காய்ச்சல் வராது.

நடைபாதைக்கும் விதி இருக்கிறது. குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. டிரான்ஸ்பார்மரும் பைக்குகளும் போக மிஞ்சுவதை நடைபாதை என்று கணக்குக் காட்ட முடியாது. சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர் இதே கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலையில் அகலமான நடைபாதை போட்டு இந்த ஊரிலேயே செய்தும் காட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு முடிந்தது பள்ளிக்கூடத் தெருவுக்கு ஏன் முடியாது?

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் கேட்டில் ஒரு நாள் காலை மணி அடிக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். நடந்து வரும் பிள்ளை எங்கே காலை வைக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வார்டின் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து, மேடான கடவை எப்போது வரும், நடைபாதை எப்போது வரும் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வாங்குங்கள்.