குண்டலுபேட்டையில் எழுந்த சிந்தனை

உதகையிலிருந்து மைசூருக்குச் செல்லும் அன்பர்களுள் பலர் குண்டலுபேட்டையைப் பேருந்தின் சன்னல் வழியாகக் கண்டிருப்பார்கள். இறங்கி நின்று கண்டவர் சிலரே. மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர் முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் அடங்குகிறது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று பந்திப்பூர்க் காட்டினூடே தமிழகம் புகுந்து நீலமலை ஏறும். மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியே கோழிக்கோட்டை அடையும். ஆகவே கன்னடத்துடன் தமிழும் மலையாளமும் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கக் கேட்டோம். மழைக்காலத்தில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் வயல்களை நிறைத்திருக்க, அப்பால் இமவத் கோபாலசுவாமி மலை மேகம் போர்த்து நிற்கும் காட்சி கண்களுக்கு விருந்தாகும்.

இவ்வூரார்க்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. காட்டு விலங்குகளைக் காக்கும் பொருட்டு, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர்ச் சாலையில் வாகனங்கள் செல்லலாகாது என்று 2009ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. தேநீர்க் கடையொன்றில், தடை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் ஒரே பலகையில் அமர்ந்து வாதிட்டனர். குரல் உயர்ந்தது, ஆயினும் எழுந்து போனவர் எவருமில்லை. அதனைக் கண்டபோது, இப்பண்பு நம் சபைகளிலும் சங்கங்களிலும் எவ்வளவு அரிதாகிவிட்டது என்று எண்ணினோம்.

இந்த மைசூர்ச் சீமையிலேயே அதற்கொரு பழைய சான்று உண்டு. பிரெஞ்சுக் குருவான துபுவா அடிகள் 1792இல் இந்தியா வந்து, 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மைசூர் நாட்டில் பல்லாண்டு ஊழியம் புரிந்தார். நம் நாட்டு உடை உடுத்து, மக்களோடு மக்களாய் வாழ்ந்தார். 1823இல் தாயகம் திரும்பிய அவர், இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலைபற்றி எழுதிய கடிதங்களை அவ்வாண்டே இலண்டனில் வெளியிட்டார். இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி பலிக்காது என்றும், வேதாகமத்தை அவசரமாக மொழிபெயர்ப்பதால் பயனில்லை என்றும் அதில் கூறினார். மிஷன் பணிக்கு ஊக்கம் மிகுந்திருந்த நாளில் இது சிறிய துணிவன்று. பாளையங்கோட்டையில் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹக் ஐயர் 1824இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். திருநெல்வேலித் திருச்சபையின் வளர்ச்சி துபுவாவின் முதற் கூற்றைப் பொய்யாக்கியது. ஆயினும் தமிழ் வேதாகமம் தலைமுறைதோறும் திருத்தப்பட வேண்டியிருந்ததை நோக்கின், அவர் எச்சரிக்கை முற்றும் வீணன்று என்பது விளங்கும். மாறுபட்டவர் முழுதும் சரியாயிருக்க வேண்டுமென்பதில்லை. அவர் பேசியதால் மற்றவர் சிந்திக்க நேர்ந்தது.

அத்திருநெல்வேலி மண்ணில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளையரே பெரும்பாலோராய் நிறைந்திருந்த அவையில் அவர் எழுந்தார். மிஷனெரிகளின் தியாகத்தை மதித்துப் பேசிய அவர், இந்தியச் சகோதரருக்கு அவர்கள் கொடை தந்தனரேயன்றி நட்புத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் கூறினார். கேட்டோரிற் சிலர் மனம் கசந்தனர். அவரோ திருச்சபையை விட்டு விலகவில்லை. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, 1945இல் மறையும்வரை தோர்ணக்கல்லில் தொண்டாற்றினார்.

இவருக்கும் முன்மாதிரி வேதத்தில் உண்டு. அந்தியோகியாவில் புறஜாதியாருடன் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். பர்னபாவும் கூட இழுப்புண்டார். பவுல் ஒருவரே எல்லாருக்கும் முன்பாக, பேதுருவின் முகத்துக்கு நேரே அதைக் கண்டித்தார். ஆள் இல்லாவிடத்துப் புறங்கூறவில்லை. பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபமோ பவுலை அன்பிற்குரிய சகோதரராகவே குறிப்பிடுகின்றது.

அயல்நாட்டில் வாழும் நமக்கு இது உடனடித் தேவை. இங்கே திருமணமாயினும் துக்கமாயினும் தோள் கொடுப்பது இச்சிறு கூட்டமே. ஆதலால் அதன் வெறுப்புக்கு ஆளாக அஞ்சுகிறோம். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியைப் பற்றியோ நிதிக் கணக்கைப் பற்றியோ தீர்மானம் வரும்போது கை தூக்கி இசைந்துவிட்டு, வாயிற்படியில் செருப்பு மாட்டும்போது முணுமுணுக்கிறோம். அம்முணுமுணுப்பே நாளடைவில் ஒரு சங்கத்தை இரண்டாக்குகிறது. வெளிப்படையான மறுப்பினால் பிளந்த சங்கங்களைவிட, விழுங்கிய மறுப்பினால் பிளந்தவையே மிகுதி என்று தோன்றுகிறது.

ஆகவே அன்பர்களே, வரும் பொதுக்கூட்டத்தில் மனச்சாட்சி ஏவுமாயின் எழுந்து பேசுங்கள். பேசியபின் அடுத்த கூட்டத்திற்கும் வாருங்கள். தலைமை தாங்குவோர்க்கும் ஒரு விண்ணப்பம்: மாறுபட்டுப் பேசியவரை அன்று மாலையே உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள்.