வட்ட ரயிலில் ஒரு சாய்கோடு

2019 டிசம்பரில் யாங்கோனில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகளுக்கு மார்ச்சில் மெட்ரிகுலேஷன் தேர்வு. மியான்மரில் அந்த ஒரு தேர்வின் மொத்த மதிப்பெண்தான் மருத்துவமா, பொறியியலா, வேறு ஏதாவதா என்று முடிவு செய்யும். தங்கை இயற்பியல் விடைத்தாள் ஒன்றை மடித்துத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

தாளைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கே வயிறு கலங்கியது. சிங்கப்பூரில் பதினாறு வயதில் நான் கோட்டைவிட்ட அதே கணக்கு: திசைவேகம்-காலம் வரைபடத்தைப் பார்த்து முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்கலாம் என்றால் எந்த மொழியில்? அவள் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வகுப்பில் விளக்குவது பர்மியத்தில். எனக்குப் பர்மியம் தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் மனப்பாடம் செய்யும் அளவுக்குத்தான் வரும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது சாப்பாட்டு மேசைத் தமிழ் மட்டும்.

மறுநாள் அவளை வட்ட ரயிலுக்குக் கூட்டிப் போனேன். யாங்கோனைச் சுற்றி வரும் இந்தப் பாதையின் நீளம் 45.9 கிலோமீட்டர், 39 நிலையங்கள். ஒரு சுற்றுக்கு அப்போது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. இருக்கைகள் பெட்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் இருக்கும். கூடைக்காரம்மாக்கள், வெற்றிலை, காடை முட்டை, மூட்டை மூட்டையாகக் காய்கறி. படிக்க ஏற்ற இடம் இல்லைதான்.

இன்செயின் தாண்டியதும் கைப்பேசியில் வேகமானியைத் திறந்தேன். பத்து வினாடிக்கு ஒருமுறை நான் எண்ணைச் சொன்னேன், அவள் எழுதினாள். எண்கள் கொஞ்சம் துள்ளின. நடுவாகக் கோடு இழுத்தோம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததுவரை கிடைத்தது இதுதான்: கிளம்பிய 40 வினாடியில் வேகம் 0-இலிருந்து வினாடிக்கு 6 மீட்டர் ஆனது. 210-ஆவது வினாடிவரை அதே 6. பிறகு பிரேக். 230-இல் மறுபடி 0.

"மேலே இந்த நேர்க்கோட்டுல ரயில் என்ன செய்யுது?"

"நின்னுடுச்சு."

ஜன்னலைக் காட்டினேன். மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளே சிரித்துவிட்டாள். தூரம்-காலம் வரைபடத்தில் படுத்த கோடு என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். இங்கே நிற்கும் அச்சில் இருப்பது தூரம் இல்லை, திசைவேகம். கோடு படுத்தால் வேகம் மாறவில்லை, அவ்வளவுதான். முடுக்கம் சுழி, ஆனால் ரயில் ஓடுகிறது. நானும் அன்று அச்சைப் படிக்காமல் கோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்தது பிரேக் பிடித்த இடம். 220-ஆவது வினாடியில் வேகம் 3. அவள் 3-ஐ 220-ஆல் வகுத்து 0.0136 என்று எழுதினாள். விடைத்தாளில் செய்த தப்பும் இதுவே. அந்த நேரம் பார்த்து ரயில் நிஜமாகவே பிரேக் போட்டது. இருக்கை நெடுக எல்லோரும் ஓடும் திசைப் பக்கமாகச் சரிந்தோம். பக்கத்து அம்மாவின் ஆரஞ்சுக் கூடை என் மடிக்கே வந்துவிட்டது.

"எல்லாரும் சரியுறோம். உன் விடையில வேகம் கூடுதுன்னு வருதே?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "அப்ப 220-ன்னு மொத்த நேரம் எதுக்கு? பிரேக் போட்டதுலேருந்துதானே எண்ணணும்?"

அதுதான்! ஒரு புள்ளியை வைத்துச் சாய்வு சொல்ல முடியாது. ஒரே நேர்க்கோட்டில் இரண்டு புள்ளி வேண்டும். வேகம் எவ்வளவு மாறியது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது. 6-இலிருந்து 3, பத்து வினாடி: (3 − 6) ÷ 10 = −0.3. கிளம்பும்போது 6 ÷ 40 = 0.15, அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் 0.15 கூடுகிறது. புது மெட்ரோ ரயில்கள் பொதுவாக 1-ஐ ஒட்டி வரும். வட்ட ரயில் எவ்வளவு சாவகாசம் என்று பாருங்கள்.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பையும் கூட்டினோம்: 120 + 1020 + 60 = 1200 மீட்டர். 45.9-ஐ 39-ஆல் வகுத்தால் 1.18 கிலோமீட்டர் வருகிறது. எங்கள் நிலைய இடைவெளி அந்தச் சராசரிக்குப் பக்கத்திலேயே வந்ததில் இரண்டு பேருக்கும் அநியாய சந்தோஷம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் திசைவேகம், முடுக்கம் என்று இருக்கும். இலங்கைப் புத்தகத்தில் அதே இரண்டும் வேகம், ஆர்முடுகல். வேகம் குறைந்தால் அமர்முடுகல். தமிழ்நாட்டில் 'வேகம்' என்பதற்கு இலங்கையில் 'கதி'. உங்கள் வீட்டில் அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொன்னால் இரண்டு பேரும் சரிதான், நடுவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இரவு சாப்பிடும்போது சித்தப்பா மேசையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, மலையா?"

"ரயில்ப்பா. இந்தச் சாய்வுதான் முடுக்கம்."

"முடுக்கமா? தாத்தா வண்டி மாட்டை முடுக்கு முடுக்குன்னு கத்துவாரே, அதுவா?"

"அதேதான். ஆனா எவ்வளவு முடுக்குனாருன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லுவேன்."

கிளம்புவது, ஓடுவது, நிற்பது மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழிலேயே சொன்னாள். சித்தப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் அவள் எழுந்து அறைக்குள் போய்த் தலையணை உறையைத் துழாவினாள்.