அளந்தவர் குரல்

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை எங்கள் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். தகரக் கொட்டில் வாசலில் அமர்ந்திருந்த ஆச்சி என்னைக் கைகாட்டி அழைத்தார். அவருடைய வளவில், யன்னல் மட்டத்தோடு நின்றுபோன வீடொன்றின் சுவர்களும், அவற்றின் முன்னே நிறம் மங்கிய பலகையொன்றும் நிற்கின்றன.

"தம்பி, உந்தப் பலகையிலை என்ன எழுதிக் கிடக்கு?"

நிதி வழங்கியோர் பெயரையும், பொறுப்பேற்ற தொண்டு நிறுவனத்தின் பெயரையும், அடிக்கல் நாட்டிய பிரமுகரின் பெயரையும் வாசித்துக் காட்டினேன்.

"அது சரி. எனக்கெண்டு எவ்வளவு காசு வந்ததாம்?"

அது மட்டும் பலகையில் இல்லை. இருபது ஆண்டுகளாய்ப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு அம்மூதாட்டியின் வினாவுக்கு விடை தெரியவில்லை. அவருடைய மகன் அந்தக் காசைத் தின்றுவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சிருந்தது. நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றிரவு பழைய நினைவொன்று வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட மக்களுள் பதினைந்து வயதுச் சிறுவனாய் நானும் இருந்தேன். தென்மராட்சியில் நாங்கள் தங்கிய பாடசாலையில் அரிசி பங்கிட்ட பெரியவர், கொத்தால் அளக்கும்போது, "லாபம், இரண்டு, மூன்று" என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுவார். அரிசி போதவில்லை, ஆனால் அவரைச் சந்தேகித்தவர் ஒருவருமிலர்.

பொதுப் பணத்தில் வீடு கட்டும்போதும் இவ்வாறு செய்தல் இயலாததன்று. 2012 ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்திலே, புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா என்று தொகை குறிக்கப்பட்டது. வேலை வளர வளர அது தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. அத்தொகை போதாமல் கடன்பட்டோரும் உண்டு. ஆயினும் தமக்கு வந்தது எவ்வளவு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அறியாதவர்க்கும் இப்போது ஒரு வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களை மாத்திரமன்றி, அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும், அச்சேவை தொடர்பில், கட்டுப்படுத்துகின்றது. எந்தக் குடிமகனும் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் தமது முடிவைத் தெரிவித்தல் வேண்டும்.

ஆச்சியின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதினேன். விடை வந்தது. மூன்று தவணைகளுள் இரண்டு ஒப்பந்தகாரருக்குக் கொடுபட்டிருந்தன. வேலை முடிவுறாமையால் மூன்றாவது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மகனுடைய கைக்கு ஒரு சதமேனும் வரவில்லை.

வாசித்துக் காட்டியபோது ஆச்சி பணத்தைப் பற்றி முதலில் பேசவில்லை. "உதை ஊருக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு, தம்பி" என்றார்.

கணக்கு மறைந்திருக்கும் இடத்தில், திருடியவன் மறைந்துகொள்ளுகிறான். திருடாதவன் பழி சுமக்கிறான். வெளிப்படைத்தன்மை கொடுப்பவருக்குக் காவல் என்றே எண்ணியிருந்தேன். வாங்குபவரின் மானத்துக்கும் அதுவே காவல் என்பதை ஆச்சி கற்பித்தார்.

வீடு திரும்பியதும் என் மேசை லாச்சியைத் திறந்தேன். வீடற்றோருக்குக் கூரை போட எங்கள் வாசிகசாலை திரட்டிய நிதிக்கு நானே பொருளாளன். மூன்று ஆண்டுக் கணக்கு அங்கே உறங்கிக் கிடந்தது. இரண்டு பற்றுச்சீட்டுகளைக் காணவில்லை. காணாததையும் சேர்த்தே எழுதி, மறுநாட் காலை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினேன். ஆச்சிக்கு வந்த கடிதத்தின் பிரதியையும், அவர் விருப்பப்படி, அதன் அருகில் ஒட்டினேன்.

சுவர்கள் இன்னும் யன்னல் மட்டத்திலேதான் நிற்கின்றன. மூன்றாவது தவணையைக் கேட்டு ஆச்சி இப்போது தாமே பிரதேச செயலகத்துக்குப் போய் வருகிறார். மகன் துணைக்குச் செல்கிறான்.