பழைய பென்ஸ் வாங்கப் போகிறீர்களா?



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். ஆனாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. "சின்னக் கார் காசுக்குப் பழைய பென்ஸே வருதே சேர், வாங்கலாமா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள்.

எங்கள் நானாவிடம் ஒரு டபிள்யூ 124 இருக்கிறது. 1984இல் வரத் தொடங்கிய மொடல். நல்ல உறுதியான வாகனம். ஆனால் மலைநாட்டில் ஓட்டுபவர் மூன்று விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, சூடு. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, 96 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் அதற்கு மேலும் தாங்குகிறது. மூடி தளர்ந்து, ஃபேன் கிளட்சும் பழுதாகியிருந்தால் லிந்துலை, நானுஓயா ஏற்றத்தில் மீற்றர் முள் மேலே போகும். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வயர். 1990களின் முதல் பாதியில் வந்த பல பென்ஸ்களில் எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து உதிரும். எஞ்சின் நடுங்கும், இழுவை குறையும். நானாவின் வாகனத்துக்கு ஒரு கராஜில் சென்சர் சென்சராக மாற்றினார்கள். கடைசியில் பழுது வயரில்தான் இருந்தது. பொனட்டைத் திறந்து ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடித்தால் முழு வயர்க் கட்டையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.

மூன்றாவது, பிரேக். இதில் உயிர் இருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகும். பெடல் சும்மா கீழே போகும், வாகனம் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றுங்கள். ஓட்டோ கியர் என்று 'டி'யிலேயே விட்டு இறங்காதீர்கள். 3க்கோ 2க்கோ குறையுங்கள்.

பஞ்சிகாவத்தையில் தேடினால் பாட்ஸ் கிடைக்கும். ஆனால் கையில் உள்ள முழுக் காசையும் வாகனத்துக்கே கொடுத்துவிட்டால் பாட்ஸ் வாங்க என்ன மிஞ்சும்? கொழும்பின் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் ஓட்டிப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை இருந்தால் சொல்லி விற்றுவிடுங்கள். வாங்குபவர் அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் இந்த மலையில் இறங்கப் போகிறார்.