மணிக்கு ஓர் இடம்

நம் தமிழ்மக்களுக்குக் கோபம் வந்தால் முதலில் நாவிலேறுவது நாயின் பெயரே. கங்காணி தொழிலாளியை வைதாலும், கணவன் மனைவியை வைதாலும், தமையன் தம்பியை வைதாலும் அந்தப் பிராணி நடுவிலே இழுக்கப்படும். நாய் நன்றியுள்ளது என்று பாடப்புத்தகத்தில் உரக்கப் படித்த நாவே, வளர்ந்த பின் இவ்வேலையைச் செய்கிறது. அன்னையின் செய்தியும் ஏறக்குறைய இத்தகையதே. மேடையேறினால் தாயைத் தெய்வமென்கிறோம்; மேடையை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தால், "சோறு இன்னும் ஆகவில்லையா?" என்கிறோம். தாயையும் நாயையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசுவது சிலருக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். தோன்றட்டும். நம் அன்னையார் ஒரு நாய்க்கு இடம் தேடிய செய்தியை இங்கே எழுதப் புகுந்தோம். அதிலே இவ்விரண்டையும் பிரித்தெடுக்க நமக்கு வழி தெரியவில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து சென்னாய், கூலாய் போகும் பாதையில் உள்ள ஊர் ஸ்கூடாய். இன்று அவ்வழியே போகிறவர்கள் காண்பவை கடைவீடுகளும், அடுக்குமாடிகளும், 1980களில் அங்கே குடியேறிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமுமே. ஒரு காலத்தில் அப்பக்கமெங்கும் ரப்பர் மரங்களாக இருந்தன. பின் பல இடங்களில் செம்பனை வந்தது; அதன்பின் வீட்டுமனை வந்தது. ரினி தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் 'ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்றே அழைக்கப்படுகிறது. தோட்டம் போய்விட்டது, அதன் பெயரைப் பிள்ளைகள் சட்டைப்பையில் அணிந்து திரிகிறார்கள்.

நம் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டியவர். காலை நான்கு மணிக்கு எழுவார். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, பிள்ளைகளுக்கும் தமக்கும் தூக்குச்சட்டிகளில் கட்டி வைத்து, இருட்டோடு பெரட்டுக்கு ஓடுவார். மரத்தின் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும். வெயிலேற ஏற அதன் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலின் தோட்டத்துத் தாய்மார்க்குச் சூரியன் எழுமுன்பே பாதிநாள் கழிந்திருக்கும். நானூறு, ஐந்நூறு மரங்களில் உளி போட்டு, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியிலெடுத்து, சுமந்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பினால் அங்கே விறகும் துணியும் பிள்ளைகளும் காத்திருப்போம். ஆம், பிள்ளைகளாகிய நாமும் அவர் கணக்கில் ஒரு வேலையே.

இவ்வளவுக்கும் கூலி என்ன? 1920களின் இறுதியில் மலாயாவில் தோட்டத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நிர்ணயக் கூலி, பல இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அக்கூலி வாங்கியவர் நம் பாட்டியார். அந்தப் பத்துக் காசு ஏன் குறைந்ததென்று அவர் வினவினாரா என்பதை நாம் அறியோம். மரம் மட்டும் பெண் வெட்டினாலும் ஆண் வெட்டினாலும் ஒரே அளவாகத்தான் பால் கொடுத்தது.

நிற்க. தோட்டத்தில் நாய் என்பது அலங்காரத்துக்கன்று. இருட்டில் தீம்பாருக்குள் போகிற பெண்ணுக்கு முன்னால் நாய் ஓடினால், பாம்பும் காட்டுப்பன்றியும் முன்கூட்டியே தெரியும். அன்னையார் வளர்த்த நாய்கள் நான்கு. நான்குக்கும் பெயர் மணியே. ஒன்று இறந்து மற்றொன்று வந்தால், "புதுப் பேர் வச்சா எனக்குக் கூப்பிட வராது" என்பார். கடைசி மணி வந்தபோது அன்னையார் வேலையிலிருந்து ஓய்ந்திருந்தார், தந்தையாரும் காலமாகியிருந்தார். ஆகவே அந்த மணிக்குத் தீம்பார் வேலை இருக்கவில்லை. லயத்து வாசலில் அன்னையார் கீரை ஆய்ந்தால் அருகே படுத்திருப்பதும், அவர் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தால் நான்கு அடி முன்னே நடப்பதுமே அதன் உத்தியோகம். பழுப்பு நிறம், இடக்காது சற்றே மடிந்திருக்கும், வாலில் ஒரு வெள்ளை.

பின்னர் நிலம் கைமாறியது. லயங்களை இடிக்க நாள் குறித்தார்கள். ஸ்கூடாயில் நாம் குடியிருக்கும் நான்காம் மாடிக்கு அன்னையாரை அழைத்து வர ஏற்பாடாயிற்று. அந்த அடுக்குமாடியின் விதிகளில் நாய் கூடாதென்று எழுதியிருந்தது. எதிர்வீட்டார் மலாய்க்காரர், நல்ல மனிதர்கள். நாயின் எச்சில் பட்டால் மண்ணும் நீருமாக ஏழுமுறை கழுவ வேண்டுமென்பது அவர்தம் சமயநெறி. அகலமில்லாத நடைவழியில் ஒருவர் கதவும் மற்றவர் கதவும் எதிரெதிரே இருக்கும்போது, இது சிறிய காரியமன்று. அன்னையார் இதைக் கேட்டுச் சிறிதும் குறைகூறவில்லை. "அவங்க வீட்டுப் பிள்ளைங்க அந்த வழியாத்தானே போகணும்" என்றார். அவ்வளவே.

ஆனால் மணியை என்ன செய்வது? உறவினர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரவில் சந்தைப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். அங்கே மீன்தலை கிடைக்குமாம். செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டு வண்டியை வேகமாக ஓட்டி வந்துவிட வேண்டும் என்றார் இன்னொருவர். "நாய்தானே, பிழைத்துக் கொள்ளும்" என்பது எல்லார் பேச்சிலும் வந்த முடிவு. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் மலேசியாவில் 2017 முதல் நடப்பிலிருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தியோர்க்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும் அதில் உண்டு. இதை நாம் எடுத்துரைத்தபோது யோசனைகள் சற்றே அடங்கின. அன்னையார் சட்டத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "பிழைச்சுக்கும்னு சொல்றவங்க யாரும் அங்க போயி ஒரு ராத்திரி படுத்ததில்லையே" என்று மட்டும் சொல்லி, அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

இடம் மாறும் வேளையில் மனிதர் வீட்டுப்பிராணிகளை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதற்கு உலகில் கசப்பான சான்றுகள் உண்டு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், குண்டு விழுமே, உணவு கிடைக்காதே என்ற அச்சத்தால் இங்கிலாந்து மக்கள் தங்கள் நாய் பூனைகளைத் தாங்களே கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். சில நாட்களில் மாண்டவை 750,000 வரை இருக்குமென்று கணக்கிடுவோர் உளர். அப்போது ஒரு குண்டும் விழத் தொடங்கியிருக்கவில்லை. படித்த நாடு, பணமுள்ள நாடு, நாயை நேசிப்பதாகப் பெயர் வாங்கிய நாடு அது. அவசரம் வந்தால் நேசம் எங்கே போகிறதென்பது வியப்பே.

நம் முன்னோர் இதில் வேறொரு வழி காட்டியிருக்கின்றனர். பாரதத்தில் தருமன் தன் பின்னே வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தானென்று பௌராணிகர் கூறுவர். முடிவில் அந்த நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. அது நாயாகவே இருந்திருந்தால் நமக்கு அக்கதை இன்னும் பிடித்திருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல்லில் நாய் நாயாகவே நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், வீரனொருவன் இறந்துபட்டபோது கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய்க்கும் அக்கல்லிலே உருவம் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் ஒரு நாயின் பெயர்! நாயை வசைச்சொல்லாக்கிய மொழியில்தான் இதுவும் வெட்டப்பட்டிருக்கிறது.

அன்னையார் மணிக்கு இடம் தேடலானார். மாப்பிள்ளை தேடுவதைக் காட்டிலும் கடுமையாக இருந்தது அது. முதலில் ஒரு தொழிற்சாலைக் காவலர் கேட்டார். இராப்பகலாகக் கட்டிப் போடுவீர்களா என்று அன்னையார் வினவ, அவர் ஆமென்றார். "வேண்டாம்" என்று முடிந்தது. அடுத்து வந்த உறவினர் வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் இருந்தன. அவற்றின் விலாவெலும்புகளை அன்னையார் வாசலில் நின்றே எண்ணிவிட்டார். தேநீரைக் குடித்துவிட்டு, நாயைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் திரும்பினார்.

மூன்றாமவர் காங்கார் பூலாய்ப் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் ஒரு சீன மூதாட்டியார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சீனர்கள் ஜொகூரின் ஆற்றோரங்களில் மிளகும் கம்பீரும் பயிரிட்டு ஊர்களை உண்டாக்கினார்கள். அவற்றின் தலைவர் 'காங்சு' எனப்பட்டார்; குடியிருப்பு 'காங்கார்' எனப்பட்டது. அந்த முறை 1917இல் ஒழிக்கப்பட்டது, ஊர்ப்பெயர் நின்றுவிட்டது. ரினி தோட்டத்தின் பெயர் பள்ளியில் நிற்பது போலவே என்று நாம் எண்ணிக்கொண்டோம். மூதாட்டியாருக்குத் தமிழ் தெரியாது; அன்னையாருக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் சந்தை மலாய் தெரியும். மலாயில் அக்காவைக் காக்கா என்பர். அன்னையார் அவரைக் காக்கா என்றழைக்க, கூட வந்திருந்த நம் சிறுமகள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அங்கே அன்னையார் பார்த்தவை நமக்குத் தோன்றாதவை. கிணற்றுக்கு விளிம்பு இருக்கிறதா, பூச்சிமருந்து எங்கே வைக்கிறார்கள், மழை பெய்தால் நாய் ஒதுங்கப் பலகைத்தரை உண்டா, பெரிய பாதையிலிருந்து வேலி எத்தனை அடி என்று சுற்றிச் சுற்றி வந்தார். பின் ஒரு ஏற்பாடு சொன்னார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மணியை அழைத்து வருவார். முதல் வாரம் ஒரு மணி நேரம் இருந்து திரும்புவார். இரண்டாம் வாரம் அரைநாள். மூன்றாம் வாரம் மூதாட்டியாரே சோறு வைக்க வேண்டும். தாம் கண்ணில் படமாட்டார். நான்காம் வாரம் மணி அங்கேயே தங்கும். அதற்கு முதல்நாள் இரவு அதற்கு உணவு குறைவாகவே கொடுப்பார். புது வீட்டுச் சோறு பசியோடு உண்ணப்பட வேண்டும். தாம் உடுத்துத் துவைக்காத பழம்புடவை ஒன்றையும் பலகையில் விரித்து வருவார்.

மனிதர் மூக்கில் வாசனையறியும் நுண்ணுறுப்புகள் 50 இலட்சம் அளவில் இருக்க, நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் உண்டென்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். ஆகையால் அந்தப் புடவை மணிக்கு வெறுந்துணியன்று. அன்னையாரே அங்கிருப்பது போலத்தான். அன்னையார் எந்த விஞ்ஞான நூலும் படித்தவரல்லர். இதெல்லாம் எப்படித் தெரியும் அம்மா என்று வண்டியில் வரும்போது கேட்டோம்.

சற்றுநேரம் பேசாதிருந்தார். "நான் வந்தப்ப எனக்குத் தெரிஞ்சதுதான், ஐயா" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். பத்தொன்பது வயதில் கலியாணமாகி, முன்பின் பார்த்திராத தோட்டத்தில், முன்பின் பார்த்திராதவர் நடுவே ஒரு லயத்தில் கொண்டுவந்து விட்டார்களாம். போக இஷ்டமா என்று அவரை எவரும் கேட்டதில்லை; அக்காலத்தில் அந்தக் கேள்வியே இல்லை. முதல்நாள் இரவு எல்லாரும் பேச்சிலிருக்க, அவர் உண்டாரா என்று பார்ப்பாரில்லை. பக்கத்து லயத்து ஆயம்மா ஒருவர் ஒரு கிண்ணத்தில் ரசஞ்சோறு கொண்டுவந்து கையில் வைத்தாராம். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை உறையைத் துவைக்காமல் மூன்று மாதம் வைத்திருந்தாராம், அதில் வீட்டு வாசம் இருந்ததால். நாம் பிறந்து வளர்ந்து இத்தனை ஆண்டுகளில் இதைக் கேட்டது அன்றுதான்.

நாம் 'தாயன்பு' என்ற ஒரே சொல்லால் மூடி வைத்திருப்பது எத்தனை என்று அன்று எண்ணினோம். அன்பு என்று சொல்லிவிட்டால் அது ஊற்றுநீர் போலத் தானே வருவதாகிவிடுகிறது. கற்றதாகவோ, கணக்கிட்டதாகவோ, விலை கொடுத்துப் பெற்றதாகவோ அது எண்ணப்படுவதில்லை. மரத்தில் உளி எத்தனை ஆழம் போக வேண்டுமென்பது போலவே, பெயர்த்து நடப்படும் உயிருக்கு எது முதலில் வேண்டும் என்பதும் அன்னையார் அறிந்த ஒரு தொழில். மணப்பெண்ணை அனுப்பும் வீட்டாரும் அழைக்கும் வீட்டாரும் நகைக்கும் பந்தலுக்கும் போடும் கணக்கில் கால்பங்கு இந்தக் கணக்குப் போட்டால், எத்தனையோ பெண்களின் முதல் மூன்று மாதம் வேறுவிதமாக இருக்கும்.

நான்காம் ஞாயிறு எவரும் அழவில்லை. அன்னையார் மூதாட்டியாரிடம் மணியின் பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: இடிக்குப் பயப்படும், கோழியைத் தொடாது, இடக்காதில் உண்ணி தங்கும், பார்க்க வேண்டும், "போ" என்றால் போகாது, "போடா ராஜா" என்றால் போகும். மூதாட்டியார் அந்தக் கடைசிச் சொல்லை நான்கைந்து முறை சொல்லிப் பழகினார். மணி கொட்டகைப் பின்புறம் தட்டில் வாய்வைத்த வேளையில் அன்னையார் வண்டியிலேறினார். திரும்பிப் பார்த்தாரா என்று நாம் கவனிக்கவில்லை, பாதை குறுகலாயிருந்தது.

ஒரு மாதம் அங்கே போகக் கூடாதென்று அவரே விதித்துக்கொண்டார். நான்காம் மாடிச் சன்னலோரத்தில் ஒரு பிடி சோறு தினமும் வைக்கப்பட்டது, மைனாக்கள் வந்தன. எதிர்வீட்டு அம்மையார் நோன்புப்பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்து, அன்னையாரின் முறுக்கைத் தட்டு நிறைய வாங்கிப்போனார்.

சென்ற வாரம் தொலைபேசி மணி அடித்தது. காங்கார் பூலாயிலிருந்து மூதாட்டியார். நாய் நன்றாயிருக்கிறதாம், கத்தரிப்பாத்தியில் புகுந்த பன்றியை வேலிவரை விரட்டியதாம். ஆனால் இரவில் வைக்கும் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்தே உண்கிறதாம். அம்மா அதில் என்ன போடுவார் என்று கேட்டார். அன்னையார் தொலைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நெத்திலிக் கருவாட்டை முதலில் வெறுஞ்சட்டியில் வறுக்க வேண்டும், உப்புப் போடலாகாது, சோறு ஆறியபின்தான் பிசைய வேண்டும் என்று சந்தை மலாயில் விளக்கத் தொடங்கினார். பிசைவதற்கு மலாயில் என்ன சொல் என்று நம்மைப் பார்த்தார், நமக்கும் தெரியவில்லை. அடுப்பிலே பால் பொங்கிக்கொண்டிருந்தது.