மக்கள் வாகனம்

'ஃபோக்ஸ்வேகன்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு 'மக்கள் வாகனம்' என்று பொருள். சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் சிறிய காருக்கான வாகன உரிமைச் சான்றிதழே 106,000 வெள்ளியை எட்டியது. 1990இல் நடப்புக்கு வந்த அச்சான்றிதழின் ஆயுள் பத்தாண்டு.

எங்கள் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காருக்கு இது பத்தாம் ஆண்டு. ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்குச் சென்றுவந்ததில் மீன்வாடையும் கறிவேப்பிலை மணமும் இருக்கைகளில் ஊறிவிட்டன. இயந்திரம் நலமாகவே உள்ளது. "ஓடுகின்ற காரை ஏன் கொடுத்துவிட வேண்டும், அம்மா?" என்கிறாள் மகள். சிறு தீவில் சாலைக்கும் எல்லை உண்டு என்றேன். மூன்று மாதச் சராசரி விலையைச் செலுத்திப் புதுப்பிக்கலாம். ஆனால், அத்தொகை அவளது மேற்படிப்புக்கான சேமிப்பு. விடைகொடுக்க முடிவு செய்துவிட்டோம்.

இனி எங்களுக்கு இரயிலே மக்கள் வாகனம். லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டியே தேக்கா சந்தை இருக்கிறது.