பம்ப்பைக் கழற்றும் முன்

பழைய டிராக்டர், பின்னால் மாட்டிய சாமானைத் தூக்க மறுத்தால் எல்லாரும் முதலில் பழிபோடுவது பம்ப்பின் மீதுதான். தெலுக் இந்தான் பக்கம் சிறிய செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவுக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்தது.

அவருடையது மாஸ்ஸி ஃபெர்குசன் 135. 1964-இல் அறிமுகமான ரகம், மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் என்ஜின். காலையில் புல்வெட்டியை ஒழுங்காகத் தூக்கும். வெயில் ஏறியதும் பாதியிலேயே நிற்கும். என்ஜினை அணைத்தால் கண்ணெதிரே இறங்கிவிடும்.

“பம்ப்பு போச்சாம் தம்பி, மாத்தணும்னு சொல்றாங்க” என்றார் மாமா. புதுப் பம்ப்பின் விலை, ஒரு மாதக் குலை வெட்டில் அவருக்கு மிஞ்சும் காசைவிட அதிகம். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். அழுத்தத்தை அளக்காமல் பம்ப்பைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. அதற்கும் முன்னால், காசில்லாமல் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இந்த வண்டியில் பம்ப்பைச் சுற்றவைப்பது பி.டி.ஓ. தண்டுதான். அதன் நெம்புகோல் நடுவில் நின்றால் பம்ப் சுற்றாது, எதையும் தூக்காது. அடுத்தது ஆயில். கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, ஆயில் தே தாரேக் நிறத்துக்கு வந்துவிடும். நம் ஊர் மழைக்கு இது அடிக்கடி நடப்பது. மாமாவின் வண்டியில் நெம்புகோலும் சரி, ஆயிலும் சரி.

பிறகுதான் பிரஷர் கேஜை மாட்டினோம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. அளவு. இதில் ஏறத்தாழ 3,000. மாமாவுக்கு ஹோஸைக் கையால் தடவி ஒழுக்கு பார்க்கும் பழக்கம் உண்டு. கையைத் தள்ளிவிட்டு ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்தேன். ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கொசுக்கடி போலத்தான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனால் நேரத்தோடு அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போய்விடலாம். தோட்டத்தில் வேலை செய்யும் யாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

குளிர்ந்த ஆயிலில் முள் 3,000-ஐ ஒட்டிப் போனது. அவ்வளவு தள்ளும் பம்ப்பைச் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் புல் வெட்டிவிட்டு மறுபடி பார்த்தால் பாதிகூட இல்லை. சூட்டில் ஆயில் இளகி எங்கோ கசிகிறது. என்ஜின் நின்ற பிறகும் பாரம் இறங்குகிறதே, அப்போது பம்ப் சுற்றுவதே இல்லை. ஆகவே கசிவு பெரும்பாலும் பம்ப்பைத் தாண்டி, மேலே இருக்க வேண்டும்.

ஆயிலைக் கொஞ்சம் இறக்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்தோம். புல்வெட்டியைத் தூக்கி, அதற்கு ஒரு விரற்கடை கீழே கனமான மரக்கட்டைகளை அடுக்கி, என்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயின் வெளிப்பக்கமாக ஆயில் வழிந்துகொண்டிருந்தது. குழாயின் நுனியில் இருக்கும் ஓ-ரிங் காய்ந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் பதத்தில் இருந்தது. நல்ல வேளையாக, இந்தக் குழாயை மேல்மூடியைக் கழற்றாமலே உருவிவிடலாம். இரண்டு நுனிக்கும் புது ரிங் போட்டோம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை.

இப்போது நண்பகலிலும் தூக்குகிறது. ஆனால் இரவு தூக்கியபடி விட்டால் காலையில் அரைச்சாண் இறங்கியிருக்கிறது. சிலிண்டரிலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கும்போல. அதைப் பார்க்க மேல்மூடியைச் செயின் பிளாக் போட்டுத் தூக்க வேண்டும். “அடுத்த மழைக்கு வேலை நிக்கும்ல, அப்பப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார் மாமா.